ஈரச்சுவர் பெலிக்ஸின் அக்கா

சொல்வதில் தப்பு வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது தம்பி. அந்தப் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு வார்த்தை வராது. இப்படித்தான் முன்பு ஒரு பிள்ளை வந்தது, சேலத்திலிருந்து, நல்ல பிள்ளை. பெலிக்ஸோடு வாசித்த தனபாலன் எந்த மாசம் இறந்தான் என்று கேட்டது. ஐப்பசி என்று சொல்லிவிட்டேன். மழை பெய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, குடை இல்லாமல் போய் நின்றேன். அதை அது கம்ப்யூட்டரில் போட்டுவிட்டது. இல்லை, ஆடி மாசம்தான் என்று இன்னொருவர் எழுத, இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் இரண்டு பேரும் எனக்கே போன் செய்து, "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல? ஆடியில் மழை பெய்யக் கூடாதா?

அதனால் நான் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள். பெலிக்ஸுக்கு நிறைய வேண்டும். தம்ளரின் அடியில் படிந்திருக்க வேண்டும், விரலால் வழித்துத் தின்பான். அதையும் எழுத வேண்டாம்.

எங்களுக்குப் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நான் மூத்தவள், பெலிக்ஸ் எனக்கு இளையவன். அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அவன் கிடார் வகுப்புக்குப் போனான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருக்கத்தானே வேண்டும். யாராவது ஒருவர்.

பின்கட்டு அறையில்தான் வாசிப்பார்கள். மூன்று பேர். பெலிக்ஸ் கிடார் வாசித்துப் பாடுவான். தனபாலன் டிரம்ஸ். ரெஜினால்டு என்று இன்னொரு பையன், தடித்த கம்பி கிடார். அவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். அந்த அறைச் சுவரில் கோடையிலும் ஈரம் காயாது. அதனால் ஈரச்சுவர் என்று பேர் வைத்தார்கள். பேர் வைக்கிற லட்சணத்தைப் பாருங்கள். விளங்குமா? அப்பா கேட்டார், "ஏண்டா, நம்ம வீட்டு மானத்த ஊருக்கே சொல்றீங்களா?" என்று.

ஒரே ஒரு கேசட் போட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை. கல்யாண வீட்டில் வாசிக்கப் போனால், சினிமாப் பாட்டுத் தெரியாதா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். மாதா கோயில் திருவிழாவில் ஒரு தடவை ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டிலேயே சாமியார் ஆள் அனுப்பி மைக் லைனைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். விற்காத கேசட்டெல்லாம் பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. கொஞ்ச நாள் அரிசி டின்னுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது அந்தக் கேசட்டுக்கு ஆட்கள் அலைகிறார்கள். காலத்தில் கேட்கவேண்டியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

பாட்டு எனக்குப் பிடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். தகரக் கூரையில் கல்மழை கொட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. மூன்றாவது பாட்டில், இரண்டாவது அடிக்கு முன்னால் மூச்சு இழுப்பான் பாருங்கள், அந்த இடத்தில் அழுகிறான் என்று ஷர்மிளா டாக்டர் சொல்லும், அவன் ரசிகை அது. அழுகையெல்லாம் இல்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. அன்றைக்குத் தைலம் தடவிவிட்டுத்தான் அனுப்பினேன்.

"கதவு திறந்துதான் இருக்கு, தட்டாதே" என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அது எந்தப் பெண்ணைப் பற்றியது என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் தெரியுமா? எனக்குத் தெரிந்து அவனுக்கு ஒரு பெண்ணும் இல்லை. அவன் எந்த நேரத்துக்கு வருவான் என்று சொல்ல முடியாது. அதனால் நான் தாழ்ப்பாள் போடமாட்டேன், அவ்வளவுதான். தட்டினால் அப்பா எழுந்துவிடுவார். அந்தப் பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. உங்களைப் பற்றி ஏதாவது பாட்டு எழுதியிருக்கிறாரா அக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எதற்கு எழுதவேண்டும்?

தனபாலன்தான் முதலில் போனான். துவரங்குறிச்சி பக்கம் ஒரு காலேஜில் வாசித்துவிட்டு பைக்கில் வரும்போது. அவர்கள் வீட்டில் எரித்து, அம்மா மண்டபத்தில் காவிரியில் கரைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெலிக்ஸ் வாசிக்கவே இல்லை. சில வருஷம் கழித்து அவனும் போய்விட்டான். மஞ்சள்காமாலை. குடி என்று எழுதியிருக்கிறார்களாம், அதை யாராவது மாற்றினால் நல்லது. மஞ்சள்காமாலைதான். டாக்டரே சீட்டில் எழுதியிருக்கிறார். நான் என் கையால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. சிலருக்கு மஞ்சள்காமாலை திரும்பத் திரும்ப வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வருகிற ஞாயிறு கல் வைப்பதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? அந்தக் கல்லைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்லி முடித்ததும் நீங்கள் அந்தக் கல்லை வைக்கிற இளவழகனிடம் ஓடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சரியா?

தனபாலனுக்குக் காவிரிதான். ஆற்றில் எந்த இடம் என்று போய் நிற்பது? அதனால் ரசிகர்கள் எல்லோரும் பெலிக்ஸ் கல்லறைக்குத்தான் வருவார்கள், அவன் இறந்த நாளில். முதலில் இளவழகன் மட்டும் வந்தான். லால்குடிக்காரன், காலேஜ் லேபில் வேலை, தலையில் முடி இருந்த காலத்திலிருந்து வருகிறான். அப்புறம் ஷர்மிளா வந்தது, பல் டாக்டர். அப்புறம் ஒரு வேன் கொள்ளும் கூட்டம். வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் மூடி. தனபாலனுடைய வட்டத் தட்டு விரிசல் விட்டுப்போனதில் எங்கள் வீட்டு அண்டா மூடியைத்தான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடித்தான், கேசட்டில் கேட்பது அந்த மூடிதான். அதனால் இவர்கள் போனில் பாட்டைப் போட்டுவிட்டு, அந்த இடம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூடியைத் தட்டுவார்கள். கல்லறைத் தோட்டத்தில், தம்பி! அப்புறம் யாராவது ஒருவன் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் பிராந்தி ஊற்றுவான். அடியில் எங்கள் அப்பா படுத்திருக்கிறார், பாவம், அவர் ஆயுளில் தொட்டதில்லை.

ஆமாம், அது பெலிக்ஸுடைய கல்லறை மட்டும் இல்லை. அதுதான் இவர்கள் யாருக்கும் புரியவில்லை. அது குடும்பக் குழி. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில், புதிதாக இடம் கொடுப்பதை நிறுத்தி வெகு காலமாகிறது. ஏற்கெனவே குழி உள்ள குடும்பம், அதையே திறந்து அடுத்தவரை வைக்க வேண்டும். பழைய எலும்பைத் துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்துவிடுவார்கள். முதலில் அம்மா. அதன்மேல் அப்பா. அதன்மேல் பெலிக்ஸ். அடுத்தது யார்? நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், அன்றைக்குத் தொடங்கியது, வீடு மாறி மாறி இப்போது இந்த ஒற்றை அறை. இதையும் வீட்டுக்காரர்கள் மகனுக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த உலகத்தில் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத இடம் எனக்கு அது ஒன்றுதான். வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் போய் வெள்ளையடித்துவிட்டு, பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். வேறு என்ன யோசிப்பேன்? கால்மாட்டில் வேப்பமர நிழல் விழுகிறது, பரவாயில்லை என்று யோசிப்பேன்.

போன ஈஸ்டர் முடிந்து இளவழகனும் ஷர்மிளாவும் வந்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் இளவழகன். போனில் ஒரு படம் காட்டினான். கருப்புக் கல், அதில் கிடார், டிரம்ஸ், இரண்டு பேருடைய பேரும்.

"தனபாலன் அண்ணனுக்கும் ஒரு இடம் வேணும்லக்கா. ரெண்டு பேரையும் சேத்து வச்சுடுறோம். கிருஷ்ணகிரிக் கல்லு. ஒத்தக் கல்லு, நடுவுல மூட்டே கிடையாது. அடியில கான்கிரீட் போட்டு ஒரேயடியா மூடிடுறோம். ஆயிரம் வருஷமானாலும் யாரும் தொட முடியாது."

"யாரும்னா?"

"யாருமேக்கா!" என்றான், முகமெல்லாம் சிரிப்பு.

எப்படிச் சொல்வது? "தம்பி, எனக்கும் ஒரு நாள் வரும்ல" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஐயோ அக்கா, என்ன பேச்சு இது! நீங்க நூறு வருஷம் இருப்பீங்க."

நூறு வருஷம் இருந்த பிறகு எங்கே போவது என்று கேட்க நினைத்தேன். ஷர்மிளா என் கையைப் பிடித்துக்கொண்டது. "பெலிக்ஸ் அண்ணா உயிரோட இருந்தப்ப நிம்மதியே இல்ல. இனிமேலாவது அவர யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுக்கா" என்றது, கண்ணில் தண்ணீர். அந்தத் தொந்தரவு நான்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. முறுக்கு எடுத்து வைத்தேன். தின்றார்கள்.

குடும்பத்தில் மிச்சமிருப்பவர் கையெழுத்துப் போடாமல் பங்கில் கல் வைக்க விடமாட்டார்கள். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கோடை போகட்டும் என்றேன். கல்லறைத் திருநாள் போகட்டும் என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கல்லறையைத் தோண்டலாமா என்று கேட்டேன், இளவழகன் இந்து, அவனுக்கு என்ன தெரியும், தலையாட்டிவிட்டுப் போனான். ஒரு தடவை துணிந்து, "ரெண்டு கல்லாப் போட்டா தூக்க வசதியா இருக்குமே தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நடுவுல மூட்டு வந்தா கிடார் ஒடஞ்ச மாதிரி இருக்கும்க்கா. ஃபேன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

ஃபேன்ஸா அதில் படுக்கப்போகிறார்கள்? வாய் வரைக்கும் வந்தது. நல்ல பிள்ளைகள் தம்பி, அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

எங்கள் பங்கு உபதேசியார் சூசைநாதனிடம் போனேன். கோயில் காரியங்களையும் கல்லறைத் தோட்டத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அப்பாவோடு சீட்டாடியவர். மெழுகுவத்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"குழிய மூடிட்டா நான் எங்கண்ணே போறது?"

"பொதுக்குழிதான், வேறெங்க. மரச் சிலுவை நட்டு வைப்போம். நாலஞ்சு வருஷத்துல அடுத்த ஆளு வந்துடும்."

"அப்ப என் எலும்பு?"

"அதோ அந்த எலும்புக் கிணத்துல. நூத்துக்கணக்கான பேரோட சேந்து மோட்சத்துக்குப் போவ. தனியாப் போனா போரடிக்கும் அமலி."

"எனக்குக் கூட்டம் ஆகாதுண்ணே."

"உங்க வீட்ல ஒருத்தன் கூட்டத்துக்காகவே செத்தான். நீ இப்படி இருக்க." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பெலிக்ஸுக்கு எங்கே கூட்டம் வந்தது? செத்த பிறகல்லவா வந்தது.

நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். "இங்க பாரு. ஆரோக்கியம் செத்தப்ப அவன் பெண்டாட்டி என்ன செஞ்சா? கல்லு வெட்டும்போதே தன் பேரையும் சேத்து வெட்டி, பொறந்த வருஷத்தப் போட்டு, செத்த தேதிக்கு இடம் விட்டு வச்சுட்டா. உசிரோட இருக்கறவங்க பேரு கல்லுல இருந்தா அந்தக் குழி அவங்களுக்கு. கான்கிரீட் போட்டு மூட விடமாட்டோம். தூக்கறதுக்கு வளையம் வச்சே ஆகணும். சாமியாரே சொன்னாலும் மாத்த முடியாது."

"அது புருஷன் பெண்டாட்டிக்குண்ணே."

"பேருக்குத்தாண்டி சட்டம். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும்னு யாரு சொன்னா?"

அப்போதும் எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் கல் அவர்கள் சேர்ந்து செய்வது, அவர்கள் ஆசை. என் பேரை அதில் போடுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? நான் என்ன பாடினேனா? வேண்டாம், கிணற்றுக்கே போய்விடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் இந்த வருஷம் பெலிக்ஸ் நாள் வந்தது. எல்லோரும் மூடியோடு நின்றார்கள். பாட்டு ஓடியது, அந்த இடம் வந்தது, தட்டினார்கள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு மனிதர், வெள்ளை வேட்டி, பெரிய குடும்பம் போலிருக்கிறது, திரும்பிக் கத்தினார். "இது கல்லறையா, கல்யாண மண்டபமா? வாத்தியம் வாசிக்கிற கழுதைங்களுக்கு வேற இடம் கிடைக்கலையா?"

இளவழகன் மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பெரிய மனுஷன், சின்னப் பையன் மாதிரி. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை தம்பி. நான் யாரிடமும் குரல் உயர்த்துகிறவள் இல்லை. "அவனுக்காக வந்த பிள்ளைங்க, தட்டத்தான் செய்யும்! ஒங்க வீட்டு ஆளுக்கு ஒங்களத் தவிர யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கல்லறையில் நின்று அப்படிக் கேட்கலாமா? பாவம், அவர் அம்மாவுக்கு வந்திருந்தார் போல. வெள்ளிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அக்கா, சூப்பர்க்கா" என்று ஒரே சத்தம். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே பங்கு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாமியார் சிரித்துக்கொண்டு பேனாவை நீட்டினார். அத்தனை பேர் பார்க்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பது? போட்டுவிட்டேன். என் குழியை மூடுவதற்கு நானே கையெழுத்துப் போட்டேன். ஷர்மிளா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது. வீட்டுக்கு வந்து விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

களைப்பாக இருந்தது. இப்போதும் களைப்பாகத்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே யாருக்காவது நகர்ந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன். அவன் வாசிக்க வேண்டும் என்று பின்கட்டை விட்டேன், அடுப்படியில் படுத்தேன். அதெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதில் இன்னும் எங்கே நகர்வது? அப்பா அம்மாவும் அவனும் ஒரு பக்கம், நான் மட்டும் கிணற்றிலா? அவனுக்கு ஆயிரம் வருஷம் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டுமாம். அவனுக்குத் தனியாகப் படுத்தால் தூக்கமே வராது. அது எந்த ரசிகருக்குத் தெரியும்?

போன புதன்கிழமை பள்ளியில் லீவு சொன்னேன். புதுக்கோட்டை ரோட்டில் அந்தக் கிரானைட் கடை இருக்கிறது, பஸ்ஸில் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, உபதேசியாரிடம்கூட. கடை வாசலில் கல் மரக்கட்டைகளின்மேல் கிடந்தது. கருப்பு, என் முகம் தெரிகிற மாதிரி கருப்பு. கிடார் வெட்டியாகிவிட்டது. பெலிக்ஸ் பேர், தனபாலன் பேர் வெட்டியாகிவிட்டது. கீழே காலியாக இடம் இருந்தது. கல் வெட்டுகிறவர் அழகிரி என்று ஒருத்தர், என் வயதுதான் இருக்கும், முகமெல்லாம் தூள்.

"இளவழகன் சார் அனுப்பினார். இன்னொரு பேரு விட்டுப்போச்சு" என்றேன். பொய்தான். எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ.

"சார் போன்ல ஒண்ணும் சொல்லலையேம்மா."

"அவருக்கு வேலை. அதான் என்னை அனுப்பினார். அவங்க ரெண்டு பேரு பேருக்குக் கீழே, அதே அளவுல போடணும். தூக்கறதுக்கு ரெண்டு பக்கமும் வளையம் வச்சுடுங்க. கோயில் சட்டம்."

சாக்கட்டியை எடுத்தார். "பேரு சொல்லுங்க."

"அமலோற்பவ மேரி."

ஒவ்வொரு எழுத்தாகக் கல்லில் எழுதினார். "இவங்களும் இந்தப் பேண்டுல இருந்தவங்களா?"

"ஆமா" என்றேன். இல்லை என்றால் வெட்டமாட்டாரே.

"என்ன வாசிச்சாங்க?"

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்."

பிறந்த வருஷத்தைச் சொன்னேன். எழுதினார். ஒரு கோடு போட்டார். "எப்பத் தவறினாங்க?"

"அது அப்புறம் சொல்லி அனுப்புவாங்க. இடம் மட்டும் விடுங்க."

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல மனுஷன். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு மிஷினை எடுத்தார். சும்மா கீறிவிட்டால் தேய்த்து அழித்துவிடுவார்களே என்று எனக்குப் பயம். "ஆழமா வெட்டுங்க" என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. எழுந்து பக்கத்தில் போய், காதருகில் இன்னொரு தடவை சொன்னேன். கடைசி எழுத்து முடிந்து, தூளை ஊதித் தள்ளி, பள்ளத்துக்குள் என் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன்.